புரொஜெக்‌ஷன் டிவியில் சிவப்பும் நீலமும் தனித்தனியாகப் பிரிந்து தெரிகின்றன: வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

பாமணிக்கரை:

அனைவருக்கும் வணக்கம். நான் மன்னார்குடிக்கு அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். என் தந்தையார் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு 2003இல் ஊர் திரும்பியபோது கொண்டுவந்த 43 அங்குலப் புரொஜெக்‌ஷன் டிவி ஒன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. உள்ளே மூன்று படக்குழாய்களும் சாய்வாக ஒரு பெரிய கண்ணாடியும் வைத்த பழைய வகை. அப்பா இப்போது இல்லை. அம்மாவுக்கு இரண்டு கண்களிலும் பார்வை குறைந்துவிட்டது. இந்தப் பெரிய திரையில்தான் அவரால் முகங்களை அடையாளம் காண முடிகிறது. திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையன்று பாடப்படும் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை ஒவ்வோர் ஆண்டும் இதில்தான் நேரலையில் பார்ப்பார்.

ஐப்பசியில் ஒரு நாள் மாலை, இடி மின்னல் எதுவும் இல்லாத நேரத்தில், படம் ஓடிக்கொண்டிருந்தபோதே செய்தி வாசிப்பவரின் முகத்துக்குக் கீழே சிவப்பாக ஒரு முகமும் மேலே நீலமாக ஒரு முகமும் விலகித் தெரியத் தொடங்கின. மெனுவில் இருக்கும் கட்டம் போட்ட சோதனைப் படத்தை வரவழைத்துப் பார்த்தேன். பச்சைக் கோடுகள் நேராக இருக்கின்றன. சிவப்பின் படுக்கைக் கோடுகள் துணி காயப்போட்ட கொடிக்கயிறு போல நடுவில் தொய்ந்து நிற்கின்றன. நீலம் அதற்கு எதிராக மேல்நோக்கி வளைகிறது. செங்குத்துக் கோடுகளில் அவ்வளவு குறை இல்லை.

டவுனில் ஒரு கடையில் காட்டியபோது, ஐ.சி. போய்விட்டது என்று இரண்டு ஐ.சி.க்களை மாற்றி 2,400 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். படமும் நன்றாகத்தான் வந்தது. ஒன்பதாவது நாள் அதே குறை திரும்பிவிட்டது. மறுபடியும் போனால், குழாயே போய்விட்டது, இனி இதைப் பழைய சாமான் கடைக்குப் போட்டுவிடுங்கள் என்கிறார்கள்.

நான் ஐ.டி.ஐ.யில் ஒயர்மேன் படித்தவன். பம்புசெட் ஸ்டார்ட்டர் வேலைகளை நானே பார்த்துக்கொள்வேன். போர்டில் ஈயம் வைத்துப் பழக்கமும் ஓரளவு உண்டு. இது உண்மையிலேயே குழாயின் குறைதானா? இல்லையென்றால், நானே திறந்து பார்ப்பது ஆபத்தில்லாமல் முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குடந்தை பழைய மெக்கானிக்:

வணக்கம் தம்பி. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் குழாயில் குறை இருக்க வாய்ப்பில்லை. குழாய் தேய்ந்தால் அந்த நிறம் மங்கும், கலங்கும், கோடு வளையாது. பச்சை நேராக இருந்து மற்ற இரண்டும் வளைகின்றன என்றால் அது கன்வெர்ஜென்ஸ், அதாவது மூன்று நிறப் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கும் பகுதியின் கோளாறு. இந்த வகை டிவிகளில் மிக அதிகமாக வரும் குறையும் அதுதான்.

காரணத்தைப் புரிந்துகொண்டால் வேலை எளிதாகும். உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று குழாய்கள் வரிசையாக நிற்கின்றன. நடுவில் இருக்கும் குழாய் திரையை நேராகப் பார்க்கிறது. பக்கத்துக் குழாய்கள் இரண்டும் சாய்ந்து பார்ப்பதால் அவற்றின் படம் இயல்பாகவே கோணலாகத்தான் விழும். அந்தக் கோணலை நிமிர்த்துவதற்காக ஒவ்வொரு குழாயின் கழுத்திலும் கூடுதலாக இரண்டு காயில் மாட்டியிருப்பார்கள். மூன்று நிறத்துக்கும் படுக்கைத் திசை ஒன்று, செங்குத்துத் திசை ஒன்று என்று ஆறு வழிகளில் அந்தக் காயில்களுக்கு மின்னோட்டம் போக வேண்டும். ஓர் ஐ.சி.க்கு மூன்று வழி வீதம் இரண்டு ஐ.சி.க்கள் அந்த வேலையைச் செய்கின்றன. பெரும்பாலான செட்டுகளில் இவை எஸ்.டி.கே. 392 வரிசையைச் சேர்ந்த, பதினெட்டுக் கால் கொண்ட ஐ.சி.க்கள். டிவி ஓடும் நேரமெல்லாம் இவை சூடாகவே இருக்கும். ஒரு வழி செத்தால் அந்த நிறத்தின் கோணல் நிமிர்த்தப்படாமல் அப்படியே திரைக்கு வந்துவிடும். நீங்கள் பார்த்த கொடிக்கயிறு அதுதான்.

ஒன்பது நாளில் மறுபடி போனதற்கு மூன்று காரணங்களை நான் சந்தேகிப்பேன். முதலாவது, ஐ.சி. போலியாக இருக்கலாம். அசல் எஸ்.டி.கே. ஐ.சி.க்களைச் செய்தது ஜப்பானின் சான்யோ. அதன் செமிகண்டக்டர் பிரிவை 2011இல் ஆன் செமிகண்டக்டர் வாங்கிவிட்டது. இந்த எண்களில் புதிய அசல் சரக்கு கிடைப்பது இன்று அரிது என்பதால், மேலே அதே எண்ணை அச்சிட்ட மட்டமான சரக்கு நிறையவே புழங்குகிறது. இரண்டாவது, ஐ.சி.யின் முதுகில் சூட்டைக் கடத்துவதற்காகத் தடவியிருக்கும் பழைய பேஸ்ட்டைச் சுரண்டாமல் புதியதைத் தடவியிருக்கலாம், அல்லது தடவாமலே விட்டிருக்கலாம். மூன்றாவதைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன். ஐ.சி.க்குள் ஷார்ட் ஆகும்போது அதையொட்டியிருக்கும் குறைந்த ஓம் ரெசிஸ்டர்களும் சேர்ந்தே வேகும். அவற்றில் ஒன்று முழுதும் அறுந்திருந்தால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். மதிப்பு மாறிய நிலையில் ஒட்டிக்கொண்டிருந்தால் சில நாள் வேலை செய்துவிட்டு மறுபடி காலை வாரும். ஐ.சி.யை மாற்றிவிட்டு ரெசிஸ்டரை அளக்காமல் மூடுவது பாதி வேலை. அந்தக் கடையில் அதைத்தான் செய்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி ஆபத்தைப் பற்றி. படக்குழாய்களுக்குப் போகும் தடித்த சிவப்பு ஒயர்களில் ஏறத்தாழ 30,000 வோல்ட் இருக்கும். கன்வெர்ஜென்ஸ் வேலைக்கு அந்த ஒயர்களைக் கழற்ற வேண்டிய தேவையே இல்லை. அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள். பவர் சப்ளையில் இருக்கும் பெரிய கெபாசிட்டர் 320 வோல்ட் அளவுக்கு ஏறி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சற்று நேரம் தாங்கும். ஸ்குரு டிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் நம் ஊரில் உண்டு, அது வேண்டாம். ஒரு ஹோல்டரில் 60 வாட் குண்டு பல்பை மாட்டி, அதன் இரண்டு ஒயர்களையும் கெபாசிட்டரின் இரு காலிலும் சில நொடி வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும். பிறகு மல்டிமீட்டரை டி.சி.யில் வைத்து அதே இரு கால்களிலும் அளந்து பாருங்கள். அளக்கும்போது கறுப்பு முனையைச் சேஸிஸில், அதாவது செட்டின் உலோகச் சட்டத்தில், வைக்காமல் கெபாசிட்டரின் நெகட்டிவ் காலிலேயே வைக்க வேண்டும். அந்தப் பகுதியின் கிரவுண்டும் சேஸிஸ் கிரவுண்டும் வேறுவேறு. சேஸிஸில் வைத்து அளந்தால் வோல்டேஜ் இருந்தும் இல்லாதது போல மீட்டர் காட்டக்கூடும்.

முதலில் போர்டைக் கழற்றி, இரண்டு ஐ.சி.க்களையும் சுற்றியுள்ள ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாக அளந்து எழுதுங்கள். காயில்கள் பக்கவாட்டில் இணைந்திருப்பதால் காயில் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ரெசிஸ்டரின் ஒரு காலையாவது தூக்கிவிட்டு அளந்தால்தான் உண்மை மதிப்பு தெரியும். மீட்டர் முனைகள் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் வரும் எண்ணை ஒவ்வொரு அளவிலிருந்தும் கழித்துக்கொள்ளுங்கள். இவ்வளவு சிறிய ஓம் மதிப்பில் அதுவே பெரிய பிழையாகும்.

மெக்கானிக்குகளுக்காக உள்ளே மறைத்து வைத்திருக்கும் சர்வீஸ் மெனுவுக்குள் போய் எந்த எண்ணையும் இப்போது மாற்றாதீர்கள். கோளாறான போர்டை வைத்துக்கொண்டு கோட்டை நிமிர்த்தப் பார்த்தால், பிறகு போர்டு சரியானாலும் படம் சரியாகாது.

திருவாரூர் வாசகன்:

குறுக்கே ஒரு கருத்தைச் சொல்ல அனுமதியுங்கள். இருபது ஆண்டு ஓடிய டிவிக்கு இவ்வளவு பாடுபடுவதை விட ஓர் எல்.இ.டி. டிவி வாங்குவது அம்மாவுக்கும் நல்லது. மின்சாரமும் குறைவாகவே பிடிக்கும். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம். ஒரு பழுதை நீக்கினால் அடுத்த பழுது வரும் வயது அந்த டிவிக்கு வந்துவிட்டது.

குடந்தை பழைய மெக்கானிக்:

அடுத்த பழுது வரலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் கேட்டது இந்தப் பழுதைப் பற்றி. குழாய் மூன்றும் பிரகாசமாக இருக்கும்போது இரண்டு ஐ.சி.க்கும் சில ரெசிஸ்டர்களுக்குமாக ஒரு செட்டைக் கழித்துவிடுவது எனக்கு மனசுக்கு ஒப்பாத காரியம். குழாய் மங்கியிருந்தால் நானே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

நாகை உப்புக்காற்று:

நான் மெக்கானிக் இல்லை. இதே வகை டிவியை இரண்டு முறை திறந்தவன் என்ற முறையில் ஒரு விஷயத்தைச் சேர்க்கிறேன். ஐ.சி. வாங்குவதற்கு முன் கூலண்ட் கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஒவ்வொரு படக்குழாயின் முகத்துக்கும் லென்ஸுக்கும் நடுவே ஒரு திரவம் நிரப்பியிருப்பார்கள். பெரும்பகுதி எத்திலீன் கிளைக்கால், கொஞ்சம் கிளிசரின். குழாயின் சூட்டைத் தணிப்பதும், ஒளி சிதறாமல் லென்ஸுக்குக் கடத்துவதும் அதன் வேலை. வயதான செட்டுகளில் ரப்பர் சீல் இறுகிப்போய் அது மெதுவாகக் கசியும். கீழே இருப்பது போர்டுகள்தான். எங்கள் செட்டில் நீலக் குழாய்க்கு அடியில் தேன் வடிந்து காய்ந்தது போல ஒரு பிசுபிசுப்பான தடம் இருந்தது. அந்தத் தடம் முடிந்த இடத்தில் போர்டின் செம்புக்கோடு பச்சை பூத்து அரித்துப்போயிருந்தது. அதைக் கவனிக்காமல் நான் முதல் முறை ஐ.சி.யை மட்டும் மாற்றினேன், அது நிலைக்கவில்லை. இரண்டாம் முறை அரித்த இடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பழைய பல் துலக்கும் பிரஷும் வைத்துக் கழுவி, அறுந்த கோட்டுக்கு மேலே மெல்லிய ஒயரை ஈயம் வைத்து இணைத்து, சீலையும் மாற்றிய பிறகுதான் நின்றது.

அந்தத் திரவம் இனிப்பாக இருக்கும், ஆனால் நஞ்சு. துடைத்த துணியை ஆடோ நாயோ குழந்தையோ எட்டும் இடத்தில் போட்டுவிடாதீர்கள்.

எங்களைப் போலக் கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கசிவே இல்லாமலும் போர்டில் பச்சை பூக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் வீடு முழுவதும் ஈரம் ஏறி நின்றது. அதற்குப் பிறகு திறந்தபோது கனெக்டர் பின்கள் கறுத்திருந்தன. மன்னார்குடியில் உப்பு அவ்வளவு இருக்காது, ஈரம் இருக்கும். பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினாலே சில கோளாறுகள் தீர்வதை நான் பார்த்திருக்கிறேன்.

உள்ளே இருக்கும் பெரிய கண்ணாடியை மட்டும் துணியால் துடைக்காதீர்கள். வீட்டுக் கண்ணாடியில் ரசம் பின்புறம் இருக்கும். இதில் முன்புறமே பூசியிருப்பார்கள். ஒரு முறை அழுத்தித் துடைத்தால் விழும் கீறல் எப்போதும் திரையில் தெரியும். மென்மையான பிரஷால் தூசியைத் தட்டிவிட்டால் போதும்.

பாமணிக்கரை:

இருவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை பின்பக்கத்தைத் திறந்தேன். பல்பு வைத்துக் கெபாசிட்டரை இறக்கியபோது பல்பு ஒரு கணம் மின்னி அணைந்தது. மீட்டரில் 4 வோல்ட்டுக்குக் கீழே காட்டிய பிறகுதான் கையை வைத்தேன்.

கூலண்ட் கசிவு எங்கும் இல்லை. தூசி அரை அங்குலத்துக்குப் படிந்திருந்தது, ஓர் ஓரத்தில் எறும்புப் புற்று மண்ணும் இருந்தது. ஐ.சி.க்கள் பொருத்திய ஹீட் சிங்கின், அதாவது சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டின், இடுக்குகள் முழுவதும் அடைந்து, சூடு வெளியேற வழியே இல்லாமல் இருந்தன. கடையில் மாட்டிய ஐ.சி. ஒன்றின் முதுகில் பேஸ்ட் நடுவில் ஒரு பொட்டு அளவுக்குத்தான் இருந்தது.

ஐ.சி.க்களை ஒட்டி ஆறு ரெசிஸ்டர்கள் ஒரே மாதிரியாக, சிவப்பு, சிவப்பு, தங்கம் என்ற பட்டைகளோடு இருக்கின்றன, அதாவது 2.2 ஓம். முனைகளின் 0.2 ஓமைக் கழித்த பிறகு நான்கு சரியான மதிப்பைக் காட்டுகின்றன. ஒன்று 9 ஓம் காட்டுகிறது. இன்னொன்று எதையுமே காட்டவில்லை. வெளியே கருகிய அடையாளம் ஒரு துளியும் இல்லை. ஒரே ஐ.சி.யோடு சேர்ந்தவை இரண்டும். இவற்றை மட்டும் மாற்றினால் போதுமா, ஐ.சி.யையும் மாற்ற வேண்டுமா?

குடந்தை பழைய மெக்கானிக்:

மிகச் சரியாக அளந்திருக்கிறீர்கள் தம்பி. சிவப்பும் நீலமும் எப்படிப் பிரிந்தன என்பதற்கு விடை அந்த இரண்டு ரெசிஸ்டர்களிலேயே இருக்கிறது. இருந்தாலும் நான்கு நல்ல ரெசிஸ்டர்களையும் சேர்த்து ஆறையும் மாற்றிவிடுங்கள். இருபது வருடம் சூட்டில் இருந்தவை அவை. கால் வாட் போடாதீர்கள். பழையதன் உருவ அளவிலேயே, அதே வாட்டில் வாங்குங்கள்.

ஐ.சி.க்களையும் மாற்றுங்கள். ஒரு வழி இப்படித் தவித்த ஐ.சி. உள்ளே அடிபடாமல் இருந்திருக்கும் என்று நம்ப முடியாது. மாற்றும்போது எண்ணை முழுவதுமாக ஒப்பிடுங்கள். 392-க்குப் பிறகு வரும் மூன்று இலக்கமும் பொருந்த வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் தேடலாம். என் அனுபவத்தில் அதைவிட நல்ல வழி, குழாய் மங்கி ஓரங்கட்டப்பட்ட அதே வகை செட்டு ஏதாவது ஒரு சர்வீஸ் கடையில் கிடந்தால் அதிலிருந்து கழற்றுவது. கழற்றிய அசல், புதிய போலியை விட ஆண்டுக்கணக்கில் கூடுதலாக உழைக்கும்.

பொருத்தும் வரிசை முக்கியம். பழைய பேஸ்ட்டை முற்றிலும் துடைத்து, ஐ.சி.யின் முதுகு முழுவதும் தாள் கனத்துக்குப் புதிய பேஸ்ட்டைத் தடவி, முதலில் ஹீட் சிங்கில் ஸ்குரு போட்டு இறுக்கிவிட்டுப் பிறகு கால்களுக்கு ஈயம் வையுங்கள். முதலில் ஈயம் வைத்துவிட்டுப் பின்னால் இறுக்கினால் கால்கள் இழுபட்டு, சில மாதங்களில் ஈயத்தைச் சுற்றி மயிரிழையில் வட்டமாக வெடிப்பு விழும். அந்த வெடிப்பைப் பூதக்கண்ணாடி இல்லாமல் பார்க்க முடியாது.

சப்ளை வழியில் இருக்கும் சிறிய ஃபியூஸ்களையும் அளந்துவிடுங்கள். இந்த ஐ.சி.க்கு பாசிட்டிவ், நெகட்டிவ் என்று இரண்டு சப்ளை வரும். டிவியைப் போட்டதும், பதினெட்டுக் கால்களில் அவுட்புட் கால்களுக்கும் கிரவுண்டுக்கும் இடையே டி.சி. வோல்டேஜ் சுழியத்தை ஒட்டி இருக்க வேண்டும். எந்த அவுட்புட் காலிலாவது முழு சப்ளை வோல்டேஜ் நின்றால் உடனே அணைத்துவிடுங்கள். மீட்டர் முனை பக்கத்துக் காலில் சறுக்கினால் புதிய ஐ.சி. அந்த நொடியே போய்விடும். முனையை ரெசிஸ்டர் காலில் வைத்து அளப்பது பாதுகாப்பானது.

எல்லாம் சரியாக இருந்தால் அரை மணி நேரம் ஓடவிட்டு, செட் சூடான பிறகு மெனுவில் நிறங்களை ஒன்றாகச் சேர்க்கத் தொடங்குங்கள். பச்சையைத் தொடாதீர்கள், அதுதான் அளவுகோல். நீலத்தை மறைத்துவிட்டுச் சிவப்பைப் பச்சையின் மேல் கொண்டுவந்தால் கோடு மஞ்சளாகும். பிறகு நீலத்தைக் கொண்டுவந்து சேர்த்தால் வெள்ளையாகும்.

பாமணிக்கரை:

ஐயா, வேலை முடிந்தது. ஐ.சி.க்கள் தஞ்சாவூரில் ஒரு சர்வீஸ் கடையின் பின்கட்டில் கிடந்த செட்டிலிருந்து கிடைத்தன. டவுன் கடையில் முன்பு மாட்டித் தந்தவற்றோடு அருகில் வைத்துப் பார்த்தபோது, கையில் எடுத்தாலே எடை வித்தியாசம் தெரிந்தது. எழுத்தின் அழுத்தமும் வேறாக இருந்தது.

நீங்கள் சொன்ன வரிசையிலேயே ஸ்குருவை இறுக்கிவிட்டு ஈயம் வைத்தேன். இரண்டு ஐ.சி.க்கும் சேர்த்து 36 கால்கள். அவசரப்படாமல் மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டேன். ஃபியூஸ் ஒன்று அறுந்திருந்தது, அதையும் மாற்றினேன். ஆறு வழிகளிலும் டி.சி. அளவு அரை வோல்ட்டைத் தாண்டவில்லை. கட்டப் படத்தைப் போட்டபோதே கொடிக்கயிறு நிமிர்ந்திருந்தது. அரை மணி நேரம் கழித்துச் சிவப்பை நகர்த்த நகர்த்த, ஒவ்வொரு கோடாக மஞ்சளாகி, நீலம் சேர்ந்ததும் வெள்ளையாக மாறியதை அம்மா நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கீழே இடது மூலையில் மட்டும் சிவப்பு இன்னும் ஒரு நூல் அளவு வெளியே தெரிகிறது.

இன்றோடு இருபத்திரண்டு நாள் ஆகிறது. டிவியைச் சுவரிலிருந்து ஒரு முழம் முன்னால் இழுத்து வைத்திருக்கிறேன். மாலையில் சுற்றுவட்ட பம்புசெட்டுகள் எல்லாம் ஓடும் நேரத்தில் எங்கள் தெருவில் வோல்டேஜ் 180 வரை இறங்குவதால் ஸ்டெபிலைசரும் மாட்டிவிட்டேன். அந்த மூலையைச் சேர்க்க சர்வீஸ் மெனுவுக்குள் போக வேண்டுமா, பயனர் மெனுவிலேயே முடியுமா என்பதை மட்டும் சொல்லுங்கள்.

குடந்தை பழைய மெக்கானிக்:

மிக்க மகிழ்ச்சி தம்பி. பயனர் மெனு பெரும்பாலும் படம் முழுவதையும் சேர்த்தேதான் நகர்த்தும். ஒரு மூலையை மட்டும் நகர்த்த சர்வீஸ் மெனுதான் வழி. உள்ளே போனதும் அந்தப் புள்ளியின் இப்போதைய எண்ணைத் தாளில் எழுதிவிட்டு, ஓர் இலக்கம் மாற்றிப் பார்த்து, திருப்தியானால் மட்டும் சேமியுங்கள். நூல் அளவுதான் என்றால் ஆராதனை முடியும்வரை அதைத் தொடாமல் விட்டுவிட்டு, பிறகு நிதானமாகச் செய்யுங்கள்.